லாம்பர்ட்-ஈட்டன் நோய்: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது, படியேறினால் தொடை சோர்ந்துவிடுகிறது, வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் வயதின் மேல் பழி போட்டு ஒதுக்கிவிடாதீர்கள். லாம்பர்ட்-ஈட்டன் நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பு நுனிகளிலுள்ள கால்சியம் வாயில்களைத் தாக்குகிறது. தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் போதுமான அளவு சுரப்பதில்லை. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்றுநோயும் இருக்கிறது. பெரும்பாலும் அது புகைபிடித்தவர்களுக்கு நுரையீரலில் வரும் சிறு செல் வகை.

முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் புற்றுநோயைத் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. பலவீனம் முந்திக்கொள்ளும், கட்டி பல மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். மார்பு சிடி ஸ்கேனில் தெரியாவிட்டால் பெட் ஸ்கேன், அப்புறம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டு வரை பார்க்க வேண்டும். பலவீனத்துக்குத் தரும் மாத்திரையால் நடை தேறியதும் பலர் இதைக் கைவிடுகிறார்கள். அந்த மாத்திரை கட்டியைத் தொடுவதே இல்லை. கட்டிக்குச் சிகிச்சை எடுத்தால், பலவீனமும் பலருக்குக் குறைகிறது.

இதை, தசையைச் சோர்வடையச் செய்யும் இன்னொரு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. அது பெரும்பாலும் கண்ணிமையில் தொடங்கும், இது காலில். லாம்பர்ட்-ஈட்டனில், முழங்காலில் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் கால் அசையாது. தொடைத் தசையை 10 விநாடி இறுக்கிவிட்டுத் தட்டினால் பலருக்கு உதைப்பு திரும்பி வரும். மருத்துவர் இதைச் செய்து பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். மயஸ்தீனியாவுக்குத் தரும் பிரிடோஸ்டிக்மினை மட்டும் எடுத்தால் இங்கே பெரிதாக உதவாது.

இதற்கான முக்கிய மாத்திரை அமிஃபாம்ப்ரிடின். வலிப்பு வந்தவர்களுக்கு இது ஆகாது. முன்பு எப்போதாவது வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உதட்டிலும் விரல் நுனியிலும் வரும் சுருசுருப்பு பலருக்கும் சகஜம்தான், ஆனாலும் அளவை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வேறு நோய்க்கு எடுக்கும் மருந்திலும் கவனம் தேவை. ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் மெக்னீசியம் ஊசியும் பலவீனத்தைக் கூட்டிவிடலாம். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை எழுதியே கொடுங்கள். தசையைத் தளர்த்தும் மருந்து இவர்களுக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும். மூச்சு சீராகத் திரும்பத் தாமதமாகலாம்.