சைலேஜ் குழியை மூடும் முன் ஒரு பிடி பிழிந்து பாருங்கள்

"அண்ணா, இன்னைக்குக் குழி மூடுறேன், வந்து பாத்துட்டுப் போங்க" என்று போன மாதம் பக்கத்து ஊர்த் தம்பி கூப்பிட்டார். சைலேஜ் என்றால், நறுக்கிய பசுந்தீவனத்தைக் குழியில் மிதித்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் மாட்டுத் தீவனம். போய் நின்றால், அப்போதுதான் அறுத்த கோ-4 புல் (நேப்பியர் வகைத் தீவனப் புல்) நறுக்கும் இயந்திரமான சாப் கட்டரிலிருந்து நேராகக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். விரலிடுக்கில் சாறு வழிந்தது. பல வருடம் முன் நான் செய்த அதே தவறு.

தார்ப்பாய் ஓட்டை, எலி வளை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஈரப் புல்லை அப்படியே மூடுவது

தோசை மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாதான் சைலேஜையும் புளிக்க வைக்கிறது. புல்லில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 அருகே இறங்கினால் தீவனம் கெடாது. 45 நாள் வயதுள்ள நேப்பியரில் தண்ணீரே 80 சதவீதம் போல இருக்கும். சர்க்கரையோ மக்காச்சோளத்தைவிடக் குறைவு. புளிப்பு ஏறுவதற்குள் வேறு கிருமி புகுந்து, புரதத்தைச் சிதைத்து, நாற்றமடிக்கும் பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கிவிடும்.

"பச்சையா இருந்தாத்தான் சத்து" என்று யாரோ சொன்னதை நம்பி 3 டன் புல்லை அறுத்த கையோடு மூடினேன். 45 நாள் கழித்துத் திறந்தால் மேலே பரவாயில்லை. கீழே இரண்டடி கறுத்து, கொழகொழவென்று கிடந்தது. கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. மாடுகள் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்தக் கோடையில் கடன் வாங்கி வைக்கோல் வாங்கினேன். அதனால்தான் இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

வாட விட்டால் எடை போய்விடுமே என்கிறார்கள். 80 சதவீத ஈரம் 70 ஆகும்போது 100 கிலோ புல் 67 கிலோ ஆகும், உண்மைதான். போன 33 கிலோவும் வெறும் தண்ணீர். ஈரமாக மூடினால் சாறாக ஒழுகிப் போவதில் சர்க்கரையும் தாது உப்பும் சேர்ந்தே போகும்.

அறுத்ததை வயலிலேயே பரப்பி வாட விடுங்கள். நறுக்கியதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துத் திறங்கள். சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல விரிந்து, கை லேசாக ஈரமானால் மூடலாம். நேப்பியர் என்றால் டன்னுக்கு 20 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். வாடாத புல்லை மொலாசஸ் காப்பாற்றும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மக்காச்சோளத்தை முற்ற விடுவது

மணியில் பால் கெட்டியாகி மாவாகும் பருவத்தில் அறுங்கள். தட்டு காய்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் அடங்காது. உள்ளே காற்று நின்று பூசணம் பிடிக்கும்.

நாள்கணக்கில் இழுத்து நிரப்புவது

வேண்டவே வேண்டாம்.

குதிரைமசாலை மட்டும் போடுவது

குதிரைமசால் பயறு வகைத் தீவனப் பயிர், தனியாகப் போட்டால் சரியாகப் புளிக்காது. மக்காச்சோளத்தோடு கலந்து போடுங்கள்.

திறந்த பிறகு

நடுவில் தோண்டாமல், முகப்பை நேராக வெட்டி, தினமும் அரை அடியாவது எடுங்கள். எடுத்ததும் மூடுங்கள். பால் கறந்த பிறகு போட்டால் பாலில் வாடை ஏறாது. பூசணம் பூத்த ஓரத்தைச் சினை மாட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கன்று வீசிவிடும் ஆபத்து உண்டு.