உச்சி வெயிலில் மணமக்களைப் படமெடுக்க எங்கே நிறுத்துவது?

நிழலின் நடுவில் வேண்டாம். நிழல் முடியும் கோட்டிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, முகம் வெயில் பக்கம் பார்க்க நிறுத்துங்கள்.

திறந்த வானத்தின் ஒளியும் வெயில் பட்ட தரை திருப்பி அனுப்பும் வெளிச்சமும் முன்னாலிருந்து முகத்தில் விழும். கண்குழியில் கருநிழல் தங்காது, கருவிழியில் பளிச்சென்று ஒளிப்பொட்டு தெரியும். பின்னால் நிழலே இருப்பதால் பின்னணியும் வெளுக்காது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) முகத்துக்கு வைத்துவிட்டு, வெள்ளை உடை மடிப்பே தெரியாமல் வெளுத்துவிட்டதா என்று ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) ஒருமுறை பாருங்கள்.

எதிரே புல்வெளியோ சிவப்புக் கம்பளமோ இருந்தால் இது சரிவராது: தாடைக்கடியில் அந்த நிறம் ஏறும், ஒயிட் பேலன்ஸை (படத்தின் ஒட்டுமொத்த நிறச் சமநிலையை) மாற்றினாலும் முழுசாகப் போகாது. மர நிழலில் முயலவே வேண்டாம். இலையிடுக்கில் விழும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகப் படியும்; முழுக்க வெளுத்த திட்டை எடிட்டிங்கில் மீட்க வழியில்லை.