காரைக்குடிக்குப் போய்ப் பல்லைப் பார்த்துக்கலாம் என்று இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரோ மலேசியாவோ அமெரிக்காவோ, எங்கே இருந்தாலும் நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. பல் லேசாகக் கூச ஆரம்பித்ததும், "இங்கே காட்டினால் சொத்தைப் பல்லுக்குச் சொத்தையே எழுதி வாங்கிவிடுவான், டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு விடுவோம். செலவுக் கணக்கு சரிதான், பல்தான் டிசம்பர் வரைக்கும் பொறுத்திருக்காது.

சொத்தை எனாமலில், அதாவது பல்லின் வெளி ஓட்டில், இருக்கும்வரை வலியே தெரியாது. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு வைத்தே நிறுத்திவிடலாம், கொஞ்சம் குழி விழுந்திருந்தால் ஒரு ஃபில்லிங், ஒரே தடவையில் முடிந்துவிடும். அடுத்த அடுக்கைத் தொட்டபிறகுதான் இனிப்பும் ஐஸ் தண்ணீரும் சுரீர் என்று இழுக்கும். அதையும் விட்டால் நரம்பு வரை போய்விடும், அப்புறம் ரூட் கெனால் (கெட்ட நரம்பை எடுத்து வேரை அடைப்பது), மேலே கேப் (பல்லுக்குப் போடும் உறை), அதற்கும் வழியில்லை என்றால் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்). இதில் ஏமாற்றுவேலை என்னவென்றால், ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் தெறித்த பல் திடீரென்று ஒருநாள் அமைதியாகிவிடும். சரியாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம், பெரும்பாலும் நரம்பு செத்துப்போய் வேரடியில் சீழ் கட்ட ஆரம்பித்திருக்கும்.

அதனால் டிக்கெட் போட்ட கையோடு இருக்கிற ஊரிலேயே ஒரு செக்கப் செய்துகொள்ளுங்கள். வைத்தியம் அங்கே செய்யாவிட்டாலும் பரவாயில்லை, எது அவசரம் எது பொறுக்கும் என்று தெரிந்துகொண்டு, எக்ஸ்ரேயை ஃபோனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பல்வலி வருவது கற்பனை இல்லை. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது, கிட்டத்தட்ட ஊட்டி, கொடைக்கானல் உயரம். விரிசல் விட்ட ஃபில்லிங்குக்கு அடியில் அடைபட்ட காற்று அப்போது விரிந்து வலிக்கும், திருச்சியில் இறங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இறங்கியபிறகு பலகாரம். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று டின் டின்னாக அடுக்கியிருக்கும் வீட்டில் "சாப்பிடாதே" என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல்லைக் கெடுப்பதில் இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஊறும், எச்சில் அதைச் சமன்செய்ய அரைமணி நேரமாவது ஆகும். நம் வீடுகளில் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் தட்டோடு வந்துகொண்டே இருப்பார், ஒரு அதிரசத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பிள்ளைகள் மத்தியானம் முழுக்கத் தின்னும். சாப்பாட்டோடு சேர்த்து ரெண்டு அதிரசம் முழுசாகத் தின்றுவிட்டுப் போகட்டும், அது தேவலை. ராத்திரி பல் துலக்கியபிறகு மட்டும் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது என்பதில் உறுதியாக இருங்கள், அது அப்பத்தா கையால் கொடுக்கும் பாலாக இருந்தாலும் சரி. உருண்டைச் சீடையை ரூட் கெனால் செய்து கேப் போடாத பல்லில் கடிக்கவே கூடாது, அந்தப் பல் அப்படியே இரண்டாகப் பிளந்துவிடலாம்.

பேஸ்ட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஊரில் கிடைக்கும் மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலவற்றில் ஃபுளோரைடு இருக்காது. பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்க வேண்டும், மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும். வேப்பங்குச்சி ஆசைக்குக் கடித்துப் பாருங்கள், தப்பில்லை.

சரி, வைத்தியத்தை ஊரில்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் நாள் கணக்கு முக்கியம். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் டாக்டரிடம் போவதுதான் பலரும் செய்வது, அதைத்தான் செய்யக்கூடாது. ரூட் கெனாலுக்கு ரெண்டு மூன்று தடவை போகவேண்டி வரலாம், கேப்புக்கு அளவெடுத்து லேபில் இருந்து வர ஒரு வாரம் பிடிக்கும், போட்டபிறகு உயரம் இடித்தால் ராவிச் சரிசெய்ய இன்னொரு நாள். வந்த ரெண்டாம் நாளே போய் உட்காருங்கள். பல் பிடுங்கினால் விமானம் ஏற ரெண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். இம்பிளான்ட் பொதுவாக ஒரே பயணத்தில் முடிகிற வேலை இல்லை, எலும்போடு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். "ஒரே வாரத்தில் எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், உங்கள் எலும்புக்கு அது ஏன் ஒத்துவரும் என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காரைக்குடியில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களும் அங்கேதான் வரவேண்டியிருக்கும். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, அதுவும் நினைவில் இருக்கட்டும். சாதாரண வேலைக்கு பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) போதும். சிக்கலான ரூட் கெனால், ஈறு ஆபரேஷன் என்றால் அந்தப் பிரிவில் எம்.டி.எஸ். (மேற்படிப்பு) முடித்தவர் செய்கிறாரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த (நீராவியில் கிருமி நீக்கிய) கவரில் இருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே, கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், ரிப்போர்ட்டையும் கேப் என்ன பொருள் என்பதையும் எழுதி வாங்குங்கள், அடுத்த வருஷம் வேறு நாட்டில் வேறு டாக்டர் அதைத்தான் கேட்பார்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்வுக்கு ஊசி போடுபவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிப்பதும் வேண்டாம், உள்ளே இருக்கும் சொத்தை அதனால் போகாது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது, வீட்டில் இருக்கும் பெரியவர்கள். சின்ன உரலில் வெற்றிலை பாக்கை டொக் டொக்கென்று இடித்து வாயில் அதக்கிக்கொள்ளும் ஆயாவைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறக்காமை, ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் விடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும், ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுப்படாது. "க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்று ஐயா சொல்வார். காரை (பல்லில் இறுகிப்போன அழுக்கு) படிந்து எலும்பு கரைந்ததால் ஆடும் பல் அது, காரையை எடுத்தபிறகுதான் ஆட்டம் தெரியவருகிறது.

"இந்த வயசில எனக்கெதுக்கு?" என்பார்கள். விவாதம் செய்யாதீர்கள், "எனக்குத் துணைக்கு வாங்க" என்று கூட்டிப்போய், உங்கள் வாயைக் காட்டி முடித்ததும் அவர்களையும் நாற்காலியில் உட்காரவையுங்கள். பல் செட் புதிதாகக் கட்டவேண்டும் என்றால் நாலைந்து தடவை போகவேண்டி வரும், போட்டபிறகு உறுத்தும் இடத்தைத் தேய்த்துவிடவும் போகவேண்டும், அதனால் முதல் அப்பாயின்ட்மென்ட் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.