ஆம்ப் வாட்டும் ஸ்பீக்கர் வாட்டும்: எங்கே தவறு நடக்கிறது?

100 வாட் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் என்று பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. இரண்டு 100-ம் ஒன்றல்ல. ஸ்பீக்கரில் எழுதியிருப்பது வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) எவ்வளவு சூடு தாங்கும் என்பது. ஆம்பில் எழுதியிருப்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது. 100 வாட் ஆம்ப் எந்நேரமும் 100 வாட்டைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது பெரும்பாலும் சராசரி ஒரு வாட்டைக்கூடத் தாண்டாது.

முதலில் பார்க்க வேண்டிய எண் வாட் அல்ல, சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் குறைவதையும் இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் கூடுவதையும் கணக்கிட்டால், ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் சுமார் 80 டெசிபல் வரும். பேச்சுச் சத்தத்தைவிட அதுவே அதிகம். ஆனால் டிரம் அடி விழும் அந்தக் கணத்துக்கு 95 டெசிபல் வேண்டுமென்றால் சுமார் 32 வாட் தேவை. 100 டெசிபலுக்கு 100 வாட். ஸ்பீக்கர் 84 டெசிபல் ரகமாக இருந்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 50 வாட்டை மாற்றி 60 வாட் வாங்குவது வீண் செலவு. பேஸ் குமிழைத் திருப்பும்போதும் இதே கணக்குதான்: 10 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு பவர் கேட்கிறீர்கள்.

சின்ன ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது இரண்டாவது தவறு. ட்வீட்டர் (உயர் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) பல நேரம் எரிவது இதனால்தான். 20 வாட் ஆம்பை அதன் எல்லையைத் தாண்டி முறுக்கினால், அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படும். இதுதான் கிளிப்பிங். பேஸ் ஒலி முட்டி நின்றுவிடும். ஆனால் வால்யூமைக் கூட்டக் கூட, இன்னும் இடம் இருக்கிற ட்ரெபிள் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட அலை புதிதாக ஹார்மானிக்ஸையும் (மூல ஒலியின் மடங்குகளான உயர் ஒலிகள்) சேர்க்கும். முழுக்கச் சதுர அலையாகிவிட்டால் சராசரி பவர் சைன் அலையின் இரண்டு மடங்கு. '100 வாட்' ஸ்பீக்கருக்குள் இருக்கும் ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவதோ சில வாட்தான், ஏனென்றால் இசையின் ஆற்றலில் பெரும்பகுதி கீழ் ஸ்தாயியில் இருக்கும் என்று நம்பித்தான் அதை அமைக்கிறார்கள். ஒலி கரகரவென்று இறுகினால் உடனே வால்யூமைக் குறையுங்கள். பெரிய ஆம்பும் எரிக்கும்தான். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) அளவைப் போல ஒன்று முதல் இரண்டு மடங்கு ஆம்பும், குமிழில் கொஞ்சம் நிதானமும் போதும்.

வால்யூம் குமிழ் பாதியில் இருந்தால் பாதி பவர் என்பதும் பிழை. சோர்ஸ் (பாட்டு வரும் கருவி) 2 வோல்ட் தந்தால் பல ஆம்ப்கள் பாதியைத் தொடும்போதே கிளிப் ஆகிவிடும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட்டை எவ்வளவு நம்பலாம்? பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் பெருக்கிக் காட்டும் உச்ச எண்) என்று இருந்தால் படிக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் என்று இருந்தாலும் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) லோடில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு), இரண்டு சேனலும் ஓடும்போதா என்று பாருங்கள். டிபிஏ3116 என்ற ஆம்ப் சிப் வைத்த போர்டுகள் நல்ல உதாரணம். சேனலுக்கு 50 வாட் என்பது 21 வோல்ட் சப்ளை, 4 ஓம் லோடு, 10 சதவீத டிஸ்டார்ஷன் என்ற நிலையில். அதே போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் போட்டு 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் கணக்குப்படியே கிளிப் ஆகாமல் 9 வாட்டுக்கு மேல் வராது. அடாப்டர் 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 24 வாட். அதற்கு மேல் போர்டு எங்கிருந்து எடுக்கும்?

ஓம் விஷயத்தில் செய்யும் தவறுதான் ஆம்பையே கொல்லும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே சேனலில் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். கரண்ட் இரட்டிப்பாகி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டினால்) ஒவ்வொரு பக்கமும் லோடில் பாதியைத்தான் பார்க்கும், ஆகவே 4 ஓமில் பிரிட்ஜ் செய்வது தனித்தனியாக 2 ஓம் ஓட்டுவதற்குச் சமம். ஒரு நுணுக்கம்: சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால், அது 8 ஓமுக்குத்தான் ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட், ஆகவே அதன் 90 டெசிபல் உண்மையில் 87.

லேபிள் கிழிந்த ஸ்பீக்கரை மல்டிமீட்டரால் அளந்தால் 8 ஓம் ரகம் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ரகம் 3 முதல் 3.8 வரை. அளவு குறைவாக இருக்கிறதே என்று பழுதாக எண்ணிவிட வேண்டாம். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ்; லேபிளில் இருப்பது ஒலி ஓடும்போது ஸ்பீக்கர் தரும் தடை.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போய் வருவதில் ஏறக்குறைய 0.7 ஓம் சேரும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய இழப்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 0.25 ஓமுக்குள் அடங்கிவிடும்.

பழைய டிரான்சிஸ்டர் ஆம்பை முதன்முறை மாட்டுமுன், ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே டிசி வோல்ட்டைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் ஸ்பீக்கரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பிரிட்ஜ் வகை ஆம்பில் இரண்டு சேனல்களின் கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கவும் கூடாது. அந்தக் கறுப்பு கிரவுண்ட் அல்ல, அதுவும் ஒரு அவுட்புட்.