சாம்பாரில் உப்பு கூடவில்லை: கோபத்தைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

என் மகளின் காதுகுத்துக்கு அத்தை வந்தார். மொய் எழுதினார், பந்தியில் உட்கார்ந்தார், பாயசத்தைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தார். கேட்டதற்கு, "சாம்பார்ல உப்பு கூட" என்றார். அப்பா உடனே சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. "தேதி குறிக்கிறப்ப இந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

வாய் உப்பைப் பற்றிப் பேசியது. மனசு கேட்டது வேறு: "இந்தக் குடும்பத்தில் நானும் ஒரு ஆள்தானே?" நாங்கள் சாம்பாரையே பிடித்துக்கொண்டு நின்றோம். பெரும்பாலான வீட்டுச் சண்டைகள் இப்படித்தான் தடம் மாறிப்போகின்றன.

அத்தை பக்கமும் ஒரு தவறு உண்டு. "என்னை யாரும் மதிக்கலை" என்று ஊரெல்லாம் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அது உணர்ச்சி இல்லை, எதிராளி மேல் வைக்கும் குற்றச்சாட்டு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் இந்த வித்தியாசத்தைத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். "ஒதுக்கிட்டாங்க", "ஏமாத்திட்டாங்க" என்பதெல்லாம் அடுத்தவர் செய்ததற்கு நாம் கொடுக்கும் விளக்கம். அதற்கு அடியில் வருத்தமோ பயமோ இருக்கும். "மதிக்கலை" என்றால் "எப்போ மதிக்கலை?" என்று பதில் சண்டை வரும். "எனக்கு வருத்தமா இருந்துச்சு, கூட இருந்து செய்யணும்னு ஆசைப்பட்டேன்" என்றால் அப்பா அன்றைக்கே இறங்கி வந்திருப்பார்.

அழுகிறவரிடம் "அழாதே" என்று சொல்லி முடித்துக்கொள்வது இன்னொரு தவறு. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானம், பறிகொடுத்தது, பழைய நிலை குலைந்தது, இல்லாமை. கண்ணீர் ஒன்றுபோலத்தான் தெரியும், தேவை ஒன்றல்ல. ஓய்வு பெற்ற மறுவாரம் காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்பவரிடம், "பென்ஷன்தான் வருதே" என்று சொல்லி என்ன பயன்? அவர் அழுவது அசைவுக்கு. நாம் ஆறுதல் சொல்வது வறுமைக்கு.

அப்புறம், அடக்குவது. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சோகமான படக்காட்சியைப் பார்ப்பவர்களை முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, சோகம் குறையவில்லை. உடலுக்குள் பரபரப்புதான் கூடியது.

பொறாமையை நாம் நடத்தும் விதம் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. ஓரகத்தி வீடு வாங்கினாள், வயிறு எரிகிறது. "சே, நான் இவ்வளவு கெட்டவளா!" என்று அங்கேயே கதவைச் சாத்திவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்து உள்ளே பார்த்தால், பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்தது தெரியும். கேட்பது ஓரகத்தியின் வீட்டை இல்லை, நிலையாக ஓரிடத்தில் இருக்கும் நிம்மதியை. அதைப் பற்றிக் கணவரிடம் பேசலாம், திட்டம் போடலாம். "நான் கெட்டவள்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எல்லா எரிச்சலுக்கும் ஆழமான அர்த்தம் தேட வேண்டாம். சில நாள் அது வெறும் தூக்கமின்மை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழவே இல்லை, சாப்பாடும் வேலையும் ஓடவில்லை என்றால் தனியாகத் துருவிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

போன தையில் தம்பியின் நிச்சயத்துக்கு நாள் பார்க்க, அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கே போனார். அத்தை கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் அப்பா மனசில் வைத்திருந்த அதே தேதியைத்தான் சொன்னார்.