கருத்துணர்தல்: ஓர் ‘உம்’மை எடுத்துப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் ஆண்டு 5, 6 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் நடத்துகிறீர்களா? ஒரு பக்கப் பகுதி வேண்டாம். நான்கைந்து வரி போதும். வரிகளுக்கிடையே எழுத இடம் விட்டு அச்செடுங்கள். முதல் வாசிப்பில் யார் கையிலும் பென்சில் கூடாது. இரண்டாவதில் ஆளுக்கு 3 சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு. அளவு சொல்லாவிட்டால் பத்தி முழுக்கக் கோடாகிவிடும்.

ரப்பர் மரம் சீவும் குடும்பத்தைப் பற்றி இப்படி ஒரு பத்தி: “மழை விட்டும் மரம் காயவில்லை. இன்றும் அப்பா பால் சீவும் கத்தியை எடுக்கவில்லை. அம்மா அரிசியை அரை டின் மட்டும் அளந்தார்.”

‘இன்றும்’ என்பதை ‘இன்று’ என மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். எது காணாமல் போகிறது? நேற்றும் வேலையில்லை என்ற செய்தி. அது போனால் அந்த அரை டின்னுக்குக் காரணமும் தேய்ந்துவிடுகிறது. இந்தத் தொடர்பை மாணவர்களே பிடிக்க வேண்டும். கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாய் திறக்காதீர்கள் (சிரமம்தான்).

“அப்பா சோம்பேறி” என்று ஒருவர் சொல்லலாம். திட்ட வேண்டாம், “எந்தச் சொல்லில் இருக்கிறது? விரல் வை” என்றால் போதும். செம்பனை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஈரப்பட்டையில் சீவினால் ரப்பர் பால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாமல் பட்டையில் பரவி வீணாகும் என்பது தெரியாது. அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.