மொரிசியஸ் கடலுக்கு ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்: முதன்முறை வாங்குவோருக்கு

கடையில் 200 மீட்டர் என்று எழுதிய வாட்சும் 300 மீட்டர் என்று எழுதிய வாட்சும் அருகருகே இருந்தால் கை தானாக 300 பக்கம்தான் போகும். அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. பொழுதுபோக்காக ஸ்கூபா போகிறவருக்கு முதல் நிலைச் சான்றிதழில் 18 மீட்டர் எல்லை. மேல்பயிற்சி எல்லாம் முடித்தாலும் 40 மீட்டர்தான். த்ரூ ஓ பிஷ் கடலில் 1987இல் பவளம் வளர்வதற்கென்றே மூழ்கடித்த ஸ்டெல்லா மாரு கப்பலைப் பார்க்க இறங்கினாலும் 25 மீட்டர் அளவில்தான் நிற்பீர்கள். 200 மீட்டர் வாட்சுக்கு இது விளையாட்டு.

கையை வீசி நீந்தினால் அழுத்தம் பன்மடங்காகும், அதனால் பெரிய எண்ணாக வாங்கு என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரை அறைந்தாலும் கூடுவது 0.13 பார் அளவு, அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். இந்தத் தீவில் டைவ் வாட்ச்கள் சாவது வேறு காரணங்களால்: திருகாமல் விட்ட கிரவுன் (வாட்சின் பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழ்), காய்ந்துபோன ரப்பர் வளையம், பட்டைக்கு அடியில் தேங்கும் உப்பு. ஆகவே இந்த மூன்றையும் மனதில் வைத்தே வாட்சைத் தேர்ந்தெடுப்போம்.

படி 1: டயலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீ’ என்பது ஒன்று, ‘டைவர்ஸ் 200 மீ’ என்பது வேறொன்று. ‘டைவர்ஸ்’ என்ற சொல் இருந்தால் அந்த வாட்ச் ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேச டைவ் வாட்ச் தரத்துக்கு உட்பட்டது என்று பொருள். அந்தத் தரத்தின்படி, குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சாதாரண நீர்த்தடுப்பு வாட்சுக்கு மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். உப்புநீர், அதிர்ச்சி, காந்தம், பட்டையின் இழுவிசை, இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிகிறதா என்பது எல்லாம் இந்தத் தரத்தில் அடங்கும்.

அந்தச் சொல் இல்லாத வாட்ச் மோசம் என்று சொல்லவில்லை. ஓரியண்ட் கமாசுவில் அது இல்லை. லகூனிலும் பிரோக் படகிலும் அது தாராளமாகத் தாங்கும். கவனிக்க வேண்டியது உருவத்தை மட்டும் கடன் வாங்கிய வாட்ச்களை. சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை 2019இல் புதுப்பிக்கப்பட்டபோது பழைய எஸ்.கே.எக்ஸ். டைவ் வாட்சின் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் அது 100 மீட்டர்தான், கிரவுனும் திருகி மூடாது. நீச்சல் அடிக்கலாம், சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்க அது வேண்டாம்.

ஹீலியம் வால்வு உள்ளதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது நாள்கணக்கில் அழுத்த அறைக்குள் வாழும் தொழில்முறை ஆழ்கடல் ஆட்களுக்கானது.

படி 2: கிரவுனைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கடையில் பத்து நிமிடம் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் அதில் ஐந்து நிமிடம் இங்கே போகட்டும். கிரவுனை இடப்பக்கமாகத் திருப்புங்கள். சில சுற்றில் மரை விட்டுப்போய், உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை லேசாக வெளியே தள்ள வேண்டும். இனி மூடுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள்: அழுத்தி நேராக வலப்பக்கம் திருகிவிடுகிறார்கள். மரை கோணலாக ஏறினால் கிரவுன் ஏறும் குழாயின் மரை தேய்ந்து, அதன் பிறகு எந்த ரப்பரும் காப்பாற்றாது.

சரியான முறை இது. கிரவுனை மெல்ல அழுத்திப் பிடித்தபடி முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். மரையின் தொடக்கம் ‘டக்’கென்று விழுவது விரல்நுனியில் தெரியும். அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருகுங்கள். பட்டு மாதிரி ஓட வேண்டும். அரைச் சுற்றிலேயே இறுகினால் நிறுத்தி, திறந்து, மறுபடி தொடங்குங்கள். இறுதியில் இரண்டு விரல் பலத்தோடு விட்டுவிடுங்கள். இடுக்கி வேண்டாம். கடைக்காரர் முன்னிலையில் இதை மூன்று முறை செய்யுங்கள். ஒரு முறை முரண்டு பிடித்தாலும் வேறு வாட்சைக் கேளுங்கள்.

சீக்கோ டர்ட்டிலில் கிரவுன் 4 மணிப் பக்கம், சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்.ஒய். 0040இல் 8 மணிப் பக்கம். மணிக்கட்டை மடக்கும்போது புறங்கையில் குத்தாமல் இருப்பது இதன் லாபம்.

படி 3: பெசல் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

வெளிவளையமான பெசல் இடப்பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். காரணம் எளிது. 10:20க்குத் தண்ணீரில் இறங்கும்போது முக்கோணக் குறியை நிமிட முள்ளின் நேரே வைக்கிறீர்கள். முள் 10:55க்கு வந்ததும் பெசலில் 35 என்று வாசிக்கிறீர்கள். நடுவில் பெல்ட்டிலோ பாறையிலோ இடித்து வளையம் நகர்ந்தால், இடப்பக்கம்தான் நகரும். அப்போது 35க்குப் பதில் 38 என்று காட்டும். மூன்று நிமிடம் முன்னதாக மேலே வருவீர்கள், அவ்வளவுதான். வலப்பக்கமும் சுற்றும் பெசல் 30 என்று காட்டி உங்களைக் காற்றுக் குறைந்த நேரத்தில் கீழேயே வைத்திருக்கும். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருந்தாலும், அது அணைந்துபோகும் நாளுக்கு இந்த வளையம்தான் துணை.

நல்ல பெசல் பெரும்பாலும் 120 தட்டு, தட்டுக்கு அரை நிமிடம். முழுச் சுற்றுச் சுற்றி, முக்கோணம் 12இல் சரியாக நிற்கிறதா பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வு அதிகம் இருக்கக் கூடாது. அப்படியே டயலை டார்ச்சில் ஒரு நிமிடம் காட்டி, உள்ளங்கையைக் குவித்து மூடிப் பாருங்கள். நிமிட முள்ளும் மணி முள்ளும் குழம்பாமல் தெரிகின்றனவா, நொடி முள்ளிலும் ஒளிப்புள்ளி இருக்கிறதா? அந்தப் புள்ளி நகர்வதை வைத்துத்தான் வாட்ச் ஓடுகிறது என்று இருட்டில் தெரிந்துகொள்வீர்கள்.

படி 4: உள்ளே இருக்கும் இயந்திரம்

ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவில் தானாகச் சாவி ஏறும் வாட்ச். முதல் வாட்சுக்கு இரண்டு வசதி போதும்: கிரவுனால் சாவி கொடுக்க முடிவதும், கிரவுனை வெளியே இழுத்தால் நொடி முள் நிற்பதும். சீக்கோவின் பழைய 7எஸ்26 இயந்திரத்தில் இரண்டும் இல்லை. இப்போதைய சீக்கோ 4ஆர்36இல் இரண்டும் உண்டு. அதன் துடிப்பு மணிக்கு 21,600, முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றினால் ஞாயிறு மதியத்துக்குள் நின்றிருக்கும்.

நாளுக்கு +45 முதல் –35 நொடி வரை தவறலாம் என்றே சீக்கோ இதற்கு வரம்பு சொல்கிறது. ‘என் வாட்ச் வாரத்துக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது, பழுதோ?’ என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது: நாளுக்கு 17 நொடிதான், பழுது இல்லை. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, காந்த மூடி போட்ட போன் உறை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். காந்தநீக்கியில் சில நொடி வேலை.

இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதியை மாற்றாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்துக்கொண்டிருக்கும். வலிந்து திருப்பினால் பல் உடையும்.

படி 5: கண்ணாடி — மணலா, பாறையா?

சபையர் கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் 9. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸும் மற்ற மினரல் கண்ணாடிகளும் அதைவிட வெகு கீழே. சபையர் கீறல் படாது, பலமான குத்தில் சில்லு தெறிக்கலாம். மினரல் கீறும், அடி தாங்கும்.

நம் கடற்கரையில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஃப்ளிக் அன் ஃப்ளாக், ப்ளூ பே மணல் பவளமும் சிப்பியும் பொடிந்த சுண்ணாம்பு மணல், கடினம் 4க்குள். எந்தக் கண்ணாடியையும் அது கீறாது. வேறு நாடுகளின் குவார்ட்ஸ் மணல் 7, அதுதான் கீறும். ஆனால் அலையடிக்கும் கறுப்புப் பாறைகள் எரிமலைப் பாறைகள். அவற்றில் இருக்கும் ஒலிவின் 7ஐத் தொடும். பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறவர் சபையர் வாங்கட்டும். லகூனில் மிதக்கிறவருக்கு ஹார்ட்லெக்ஸே மிகை.

படி 6: அளவு, பட்டை

விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டர்ட்டில் 45 மி.மீ. அகலம் என்றாலும் மேல் காதிலிருந்து (பட்டை மாட்டும் கொம்பு) கீழ்க் காது வரை 48 மி.மீ. அளவுதான், ஒல்லிக் கையிலும் உட்காரும். மணிக்கட்டின் மேற்பக்கத் தட்டையான பகுதியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். காது முதல் காது வரை நீளம் அதைத் தாண்டக் கூடாது.

தோல் பட்டை கடலுக்கு ஆகாது. ரப்பரும் சிலிக்கானும் நல்லவை. நைலான் நேட்டோ பட்டை இரண்டு ஸ்பிரிங் பாருக்கும் (பட்டையைக் காதுகளில் பிடித்திருக்கும் ஊசி) பின்னால் ஒரே துண்டாகப் போவதால், ஒரு பார் உடைந்தாலும் வாட்ச் மற்றதில் தொங்கும். கடலில் தொலையும் வாட்ச்களில் பல இந்தத் துருப்பிடித்த ஊசி முறிந்து போனவையே. காசுக்கு மலிவான பொருள், ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது காதுகளுக்கு இடையில் 20 மி.மீ.யா 22 மி.மீ.யா என்று பாருங்கள். சீக்கோ டைவ் வாட்ச்களில் 2.5 மி.மீ. தடிமனான பார்கள் வரும். சாதாரண மெல்லிய பார் போட்டால் அதன் நுனி காதின் துளைக்குள் ஆடும்.

படி 7: எங்கே வாங்குவது, யார் திறப்பார்?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அனுப்புகூலியும் 15 சதவீத வாட் வரியும் சேர்த்தே போர்ட் லூயி கடை விலையோடு ஒப்பிடுங்கள். பழைய சீக்கோ என்றால் பின்மூடியைப் படியுங்கள். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எஸ்.கே.எக்ஸ். 007இன் பின்மூடியில் 7எஸ்26-0020 என்று இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், பழுது பார்ப்பவரிடம் ‘அழுத்தச் சோதனை இயந்திரம் இருக்கிறதா?’ என்று முன்கூட்டியே கேட்பது. பேட்டரி வாட்சை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எப்படியும் திறப்பார்கள், ரப்பரும் அப்போது கண்ணில் படும். ஆட்டோமேட்டிக்கைத் திறக்க யாருக்கும் காரணமே வராது. எட்டு ஆண்டு நன்றாக ஓடும், உள்ளே ரப்பர் வளையம் தட்டையாகி வெடித்திருக்கும். கடலுக்குக் கொண்டுபோகிறவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வளையங்களை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி, சோதனை செய்து வாங்க வேண்டும். சோதனை இயந்திரம் இல்லாத கடையில் மூடியைத் திறக்கவே விடாதீர்கள்.

படி 8: கட்டிய பிறகு

தண்ணீருக்கு முன் கிரவுன் இறுக மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் குழாய் நீரில் நனைத்து, பெசலை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கிரவுனைத் தொட வேண்டாம். உப்பும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து பெசல் இறுகினால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட இளஞ்சூட்டு நீரில் அரை மணி ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் ஓரத்தைத் தேயுங்கள். காவடி நாளில் சந்தனமும் விபூதியும் ஏறினாலும் இதே வைத்தியம். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்துவிட்டு நேராகக் கடலில் குதிக்காதீர்கள்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமா? ஐ.எஸ்.ஓ. சோதனையையே வீட்டில் செய்யலாம். வாட்சை 40–45 பாகை வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துச் சூடேற்றுங்கள். கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்பக்கம் புகை மாதிரி மங்கினால் உள்ளே ஈரம் உண்டு. ப்ளூ பே வெயிலிலிருந்து கியூர்ப்பீப் குளிருக்கு ஏறும்போது தோன்றும் மங்கலும் இதுவே.

கடல்நீர் உள்ளே போய்விட்டால் அரிசி டப்பாவில் புதைத்துப் பயனில்லை. நீர் காயும், உப்பு தங்கும், தங்கிய உப்பு எஃகை அரிக்கும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில் கடை திறந்ததும், திறந்து கழுவக் கொடுத்துவிடுங்கள்.